கோட்டுக்கு அந்தப் பக்கம்

எங்கள் ஊர்க் கூட்டுறவு வங்கியைத் தொடங்கியவர்கள் கருங்கல் குவாரியில் உளி பிடித்தவர்கள். குவாரி முதலாளி திம்மராயன் அப்போது அந்தப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. வங்கி நிமிர்ந்து நின்ற பிறகுதான் அவருக்குக் கூட்டுறவில் நம்பிக்கை பிறந்தது. 2009இல் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார், எழவே இல்லை. எதிர்த்து நிற்க நினைத்தவருக்குக் குவாரியில் வேலை இல்லாமல் போகும். இதை ஊர் ஒற்றுமை என்று மேடையில் சொல்வார்.

வெள்ளி விழாவுக்கு வங்கியின் வரலாற்றைக் கல்லில் வெட்டுவதென்று முடிவானது. வரலாறு என்றால் அவர் பெயர். உளி பிடித்தவர்களுக்கு, ‘மற்றும் பலர்’.

நல்ல கல்லைக் கொடுக்க மனமில்லை. ஏற்றுமதியில் கழித்துவிடப்பட்டு ஷெட்டில் கிடந்த, மேல்பக்கம் வளைந்த பாலிஷ் கல் ஒன்றைத் தந்தார்.

எழுத்து வெட்டும் வெங்கடப்பன் தயங்கினார். “மொதலாளி, பேருக்குக் கீழ 2009ன்னு போட்டாச்சி. எதுவரைக்கும்னு போடறது?”

“வரைக்குமா? நான் எங்க போறேன்? கோடு போட்டு உட்டுடு.”

விழாவில் கல்லின் திரை விலகியதும் குவாரியின் பாலிஷ் பட்டறைப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். அந்த மாதிரி வளைவுக் கல்லை நாள்தோறும் தேய்த்துப் பெட்டியில் அடைப்பவர்கள் அவர்கள். அது வெளிநாட்டுக் கல்லறைக்குப் போவது. உயிரோடிருப்பவர் முன்கூட்டியே சொல்லிவைத்த கல்லென்றால் பிறந்த வருடமும் ஒரு கோடும் மட்டும் இருக்கும். கல்லை விற்றவருக்கு அது எங்கே நடப்படுகிறது என்று யோசிக்க நேரமிருந்ததில்லை.

“ஏ சரசம்மா, இது நம்ம பொட்டிக்குப் போற கல்லில்ல?” என்றாள் முனிலட்சுமி.

“ஆமாக்கா. கோடு போட்டாச்சி. மிச்சந்தான் வரணும்.”

“மாலகூடப் போட்டுட்டாங்க பாரு!”

பேச்சு முன்வரிசைவரை வந்தது. திரும்பும் வழியில், காரிலேயே திம்மராயனை அவர் மனைவி நாராயணம்மா பிடித்துக்கொண்டார். “அந்தக் கல்ல ஒடச்சிப் போடுங்க.”

“எம்பேர நானே ஒடைக்கறதா?”

“அப்பக் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வருசத்தப் போடுங்க.”

“போட்டாப் பதவிய உடணுமே.”

“உடலன்னா அந்த வருசம் வேற எப்பிடி வரும்னு யோசிங்க.”

யோசித்தார். தலைவராக அவர் யோசித்ததாக நான் அறிந்த ஒரே சந்தர்ப்பம் அதுதான். மறுவாரம் ராஜினாமா செய்தார். உடல்நிலை காரணம் என்றார். முழுப் பொய்யென்றும் சொல்ல முடியாது. மரணத்தை நினைப்பவன் விடுதலை அடைகிறான் என்று படித்திருக்கிறேன். இங்கே விடுதலை அடைந்தது வங்கி.

வெங்கடப்பன் கோட்டுக்கு அந்தப் பக்கம் 2025 என்று வெட்டினார். கல் முழுமையாகிவிட்டது. பட்டறைப் பெண்கள் அதைத் தாண்டும்போது செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்கிறார்கள். திம்மராயன் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.