கடைசி முட்டு

நம்புகிறவர்கள் நம்பட்டும். மற்றவர்கள் ஜூஜுவாடிக்கு வந்து கருப்பாயியைக் கேட்டுக்கொள்ளட்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் கூடத்துக்குள் இருநூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இருநூறு பேரும் இன்றைக்கு உயிரோடு இருக்கிறார்கள். இந்தக் கதையில் பயப்பட வேண்டிய விஷயமே அதுதான்.

ஐசக் மேஸ்திரி என்றால் ஓசூரில் பாதிப் பேருக்குத் தெரியும். சுபேதார் என்றால் மீதிப் பேருக்கும் தெரிந்துவிடும். எழுபத்தொன்றாம் வருஷத்துப் போரில், பாலம் கட்டும் படையில் இருந்தவர். ஊர் திரும்பியபின் பக்கத்து ஊரான பேரிகை வரைக்கும் வீடு, பள்ளிக்கூடம், கம்பெனி ஷெட் என்று கட்டித் தள்ளினார். அவர் போட்ட தளம் ஒழுகியதாக ஒருத்தர் சொல்லிக் கேட்டதில்லை. வலது தோள் மட்டும் இடதைவிட நன்றாக இறங்கியிருக்கும். அது போரில் வந்தது. கேட்டால் சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றிவிடுவார்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. கான்கிரீட் இறுகும்வரை தளத்தைத் தாங்கி நிற்பவை முட்டுகள். அவற்றைப் பிரிக்கும் நாளில் கடைசி முட்டை அவர்தான் எடுப்பார். ஆட்களையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டு, நடுவில் தனியாக நின்று குரல் கொடுப்பார்.

"எல்லாரும் வெளிய போயாச்சா?"

"வந்தாச்சு" என்று வெளியிலிருந்து பதில் வரவேண்டும். அதற்குப் பிறகுதான் சுத்தியல் விழும். டக். விழுந்தால் தன் தலையில் விழட்டும் என்று அந்தத் தளத்துக்கு அடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வெளியே வருவார். மகள் ஜெபசீலி சின்ன வயதில் சைட்டுக்குப் போனால், அந்தப் பதில் சொல்லும் வேலை அவளுக்குத்தான். வளர்ந்து, அவரோடு சேர்ந்து தொழில் பார்க்க ஆரம்பித்த பிறகும் அவள்தான் சொன்னாள்.

ஜூஜுவாடியில் அவர்கள் சபைக்காக ஒரு கூடம் கட்டிக்கொண்டிருந்தார். தளம் போட்டு முடித்த அன்று சாயந்திரம் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். அவ்வளவுதான்.

ஜெபசீலி அழவில்லை. பெட்டியை மூடியபோதும் அழவில்லை. மண் போட்டபோதும் அழவில்லை. யாரோ தட்டில் வைத்தால் சாப்பிட்டாள். யாரோ படுக்கச் சொன்னால் படுத்தாள். உள்ளே எல்லாமே மரத்துக் கிடந்தது.

ஆட்கள் மட்டும் என்ன? வேலையைப் போட்டுவிட்டு எல்லாரும் துக்க வீட்டிலேயே கிடந்தார்கள். புதுத் தளம் பலமாக இறுகத் தினமும் தண்ணீர் கட்ட வேண்டும். மூன்று நாள் ஒரு சொட்டு விடவில்லை. ஒருத்தருக்கும் ஞாபகமே வரவில்லை. தளம் பாட்டுக்கு வெயிலில் காய்ந்தது.

அடுத்த வாரம் நினைவுக் கூட்டம் எங்கே வைப்பது என்று பேச்சு வந்தது. அப்பா கட்டிய கடைசிக் கூரைக்கு அடியில்தான் என்றாள் ஜெபசீலி. அவள் வாயைத் திறந்து கேட்டது அது ஒன்றுதான். யார் மறுப்பார்கள்?

முட்டுக் கொடுத்துப் பலகை அடிக்கும் சென்ட்ரிங் வேலை பார்க்கும் சென்னகிருஷ்ணன் மட்டும் தலையைச் சொறிந்தான்.

"ஐயா இருந்தா இன்னும் கொஞ்ச நாள் முட்டுங்களத் தொடவே விடமாட்டாருக்கா."

"ஐயா இல்லியே" என்றாள்.

சனிக்கிழமை மத்தியானம் முட்டுகளைப் பிரித்தார்கள். நடுவில் யாரும் தனியாக நிற்கவில்லை. யாரும் குரல் கொடுக்கவில்லை. எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

சித்தாள் கருப்பாயி கூடத்தைப் பெருக்கினாள். பெருக்கி முடித்த தரையைப் பார்த்தாள் ஜெபசீலி. நடுவில் ஒரு வட்டம் மட்டும் தூசியும் மரத்தூளுமாக அப்படியே கிடந்தது.

"அங்க ஏன் பெருக்கல?"

"அங்க முட்டு நிக்குதே கண்ணு."

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே ஒன்றும் இல்லை.

"இப்பத்தானே சுத்திக்கிட்டுப் போனேன்..." என்றாள் கருப்பாயி. அதற்குப் பிறகு அவள் துடைப்பத்தோடு அந்தப் பக்கம் போகவில்லை.

ஜெபசீலிக்குப் பயம் வரவில்லை. பயப்படுவதற்கும் உள்ளே கொஞ்சம் உணர்வு இருக்க வேண்டுமே.

ஞாயிறு காலை. நாற்காலி போட வந்த பையன்கள் கூடம் முழுக்க வரிசையாகப் போட்டார்கள். அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டார்கள். யாரும் சொல்லவில்லை. அவர்களாகவே விட்டார்கள். வந்தவர்களும் அந்த இடத்துக்கு வந்ததும் ஒதுங்கி, சுற்றிக்கொண்டுதான் போனார்கள். போகும்போது ஏன் ஒதுங்குகிறோம் என்று ஒருத்தர்கூட யோசித்த மாதிரி தெரியவில்லை.

பாட்டு முடிந்தது. ஜெபம் முடிந்தது. போதகர் எழுந்து ஐசக் மேஸ்திரியின் வாழ்க்கையைச் சொல்லத் தொடங்கினார்.

"இந்தக் கதைய ஐசக் ஐயா வீட்டுலகூடச் சொல்லலியாம். அவரோட இருந்த ஒருத்தர் எனக்குச் சொன்னது. குண்டு விழுந்து பாலத்துக்கு அடியில ஒரு கட்டை உடைஞ்சு போச்சு. மேல நம்ம ஆளுங்க போய்க்கிட்டு இருக்காங்க. இவரு கழுத்தளவு தண்ணியில இறங்கி, கட்டை இருந்த இடத்துல தோளக் குடுத்து நின்னாரு. கடைசி ஆள் தாண்டுற வரைக்கும்..."

ம்ம்ம்...

முன்வரிசையில் இருந்த ஜெபசீலிக்குக் கேட்டது. பாரம் தூக்கும் ஆள் மூச்சை அடக்கி விடுவாரே, அந்தச் சத்தம். அவளுக்குப் பின்னால் இருந்து வந்தது. கூடத்தின் நடுவிலிருந்து.

அந்த மூச்சு யாருடையது என்று அவளுக்குத் தெரியும்.

ம்ம்ம்... மறுபடியும். இந்தத் தடவை நடுக்கத்தோடு.

திரும்பிப் பார்த்தாள். நடுவில் யாரும் இல்லை. மேலே பீமிலிருந்து பொடி உதிர்ந்துகொண்டிருந்தது. கருப்பாயி பின்வரிசையிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெபசீலி எழுந்து போதகரிடம் போனாள்.

"முடிச்சிருங்கய்யா. எல்லாரும் சாப்பிடப் போகட்டும்."

"இன்னும் மூணு பேரு பேசணுமேம்மா..."

"முடிச்சிருங்க."

சாப்பாடு வெளியே பந்தலில். ஜனங்கள் முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார்கள். "பெத்த அப்பனுக்குக் கூட்டம். இவளுக்கு அவசரத்தப் பாரு" என்றாள் ஒரு அம்மாள். ஜெபசீலி காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. குழந்தைகளை அனுப்பினாள். கிழவர்களைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

பின்னால் அந்த மூச்சு... இன்னும் வேகமாக.

கடைசியாக வீடியோ எடுக்கும் முத்துக்குமார் கேமராவோடு வெளியே வந்தான். அவன் பின்னால் அவள்.

வாசற்படி தாண்டினாள்.

"எல்லாரும் வெளிய போயாச்சா?"

உள்ளேயிருந்து.

அவள் யோசிக்கவில்லை. திரும்பவுமில்லை. சின்ன வயதிலிருந்து சொல்லிப் பழகிய வாய்.

"வந்தாச்சுப்பா."

டக்.

ஒரே ஒரு சத்தம். சுத்தியல் சத்தம்.

அப்புறம்...

தளம் முழுசாக இறங்கியது.

தூசி அடங்க வெகு நேரம் ஆனது. நாற்காலி ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஒருத்தருக்கும் கீறல் இல்லை. பந்தலில் பிரியாணி இலையில் ஆறிப்போய்க் கிடந்தது.

பிறகு ஒரு இன்ஜினியர் வந்து பார்த்தார். உடைந்த துண்டைக் கையில் எடுத்து அமுக்கினார். பொடியாக உதிர்ந்தது. "இது ஒரு ராத்திரி நின்னுச்சா?" என்று மறுபடி மறுபடி கேட்டார். "முட்டு எடுத்த அந்த நிமிஷமே விழுந்திருக்கணும்மா. யாரோ அடியில தாங்கிப் பிடிச்சிருந்தாத்தான் உண்டு." அவர் ஒரு பேச்சுக்குத்தான் சொன்னார்.

நாலு நாள் கழித்து முத்துக்குமார் கேமராவைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"நீங்களே பாருங்கக்கா. நான் வேற யாருக்கும் காட்டல."

கடைசி ஆட்கள் வெளியேறும் இடம். பீமிலிருந்து பொடி உதிர்கிறது. சுற்றிலும் நாற்காலிகள்மேல், தரைமேல் விழுகிறது. நடுவில் மட்டும் பொடி தரைக்கு வரவில்லை. ஒரு ஆள் உயரத்தில், வெறும் காற்றில், படிந்து நிற்கிறது. இரண்டு தோள் அகலத்துக்கு.

வலது பக்கம் இறங்கி.

படம் ஆடுகிறது. வாசல் தெரிகிறது. அவள் குரல் மட்டும் கேட்கிறது, "வந்தாச்சுப்பா" என்று. அதற்கு முன்னால் கேட்ட கேள்வி அதில் இல்லை. அதற்குப் பின்னால் விழுந்த டக் இருக்கிறது.

ஜெபசீலிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அடக்க முடியாத அழுகை. முத்துக்குமார் பயந்துபோய்த் தண்ணீர் எடுக்க ஓடினான்.

எல்லாரும் வந்தாச்சு என்று சொல்லிவிட்டாளே. வரவில்லையே. ஒருத்தர் உள்ளேதானே நின்றார். அதை மட்டும் அவள் சொல்லியிருந்தால், அவர் இன்னும் தோள் கொடுத்துக்கொண்டு அங்கேயே நின்றிருப்பார்.