பிடித்து வைத்த பொங்கல்

பொங்கலுக்கு வர முடியாது என்று சொன்னபோது அம்மா அழவில்லை. "சரி, உன் பங்கு வடைய நாய்க்குப் போட்டுர்றேன்" என்றார். எங்கள் வீட்டு நாய்க்கு அந்த வருஷம் நல்ல காலம்.

எங்கள் குடும்பம் மலையகத்திலிருந்து வவுனியாவுக்குப் போய்க் குடியேறியது. நான் மட்டும் வேலை கிடைத்து மறுபடி மலைக்கே வந்துவிட்டேன், பதுளையில் ஓர் அரசாங்க அலுவலகத்துக்கு. பொங்கலுக்கு ஒரு நாள்தான் லீவு. வவுனியாவுக்குப் போய் இறங்கி, ஒரு கவளம் பொங்கலை வாயில் போட்டுக்கொண்டு, உடனே அடுத்த பஸ் ஏற வேண்டும். பண்டிகையைக் கண்டக்டரோடு கொண்டாடும் அளவுக்கு எனக்குப் பொறுமை கிடையாது.

போர்டிங்கில் என் அறையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி மட்டக்களப்புக்காரி; பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறாள். அவளுக்கும் ஊர் தூரம். மற்றவள் கொஸ்லந்தைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பெண். பஜாரில் ஒரு மருந்துக்கடையில் வேலை. அவளுக்கு ஊர் பக்கம்தான், ஆனால் வீட்டில்தான் ஆள் இல்லை. அப்பா இறந்துவிட்டார். அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. லயத்து வரிசை வீடுகளில் அவர்களுடைய ஒற்றை அறைக் காம்பரா பூட்டிக் கிடக்கிறது. சாவியை இவள் கைப்பையில் போட்டுக்கொண்டு திரிகிறாள்.

அந்த வருஷம் குவைத்திலிருந்து அவளுடைய அம்மா ஓர் ஆசையைச் சொல்லிவிட்டார். நம்ம வாசல்ல பால் பொங்கணும், அதை நான் போன்ல பார்க்கணும், பொங்கும்போது உன்னோட சேர்ந்து சத்தமா கத்தணும், அவ்வளவுதான். ஒரே ஒரு சிக்கல். அந்த வீட்டு மேடம் காலையில் எழும்பியதும் போனை வாங்கி வைத்துக்கொள்வாள். படுக்கப்போகும் நேரத்தில்தான் திருப்பித் தருவாள். ஆகவே மேடம் எழும்புவதற்குள் எங்கள் பால் பொங்கியாக வேண்டும்.

"வீடியோ எடுத்து அனுப்புடி. ராத்திரி ஆறுதலா பார்ப்பாங்க" என்றேன்.

"வீடியோவோட சேந்து யாராச்சும் கத்துவாங்களாக்கா?" என்றாள் அவள்.

அவள் கேட்டது நியாயம்தான். நியாயமாகக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். "சரி சரி, போவோம். அதுக்கு ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்று எரிந்து விழுந்தேன். அவள் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கவே இல்லை.

பொங்கலுக்கு முதல் நாள் மூன்று பேரும் அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கிளம்பினோம். பெரகலையில் பஸ் மாற வேண்டும். அங்கே கடையில் பானை வாங்குவதில் சண்டை வந்தது. கணக்கு டீச்சர் மண்பானைதான் என்று நின்றாள். அலுமினியம் என்றால் சீக்கிரம் சுடும், மேடமும் சீக்கிரம் எழும்புகிற ஆள் என்றேன் நான். பானை யாருடைய வாசலுக்கோ அவள் பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் மண்பானையை வாங்கினோம். கொஸ்லந்தைவரை அது என் மடியில் வந்தது. ஒவ்வொரு வளைவிலும் நான் ஒரு பக்கம் சாய்ந்தேன், பானை ஒரு பக்கம் சாய்ந்தது, டீச்சர் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

காம்பராவைத் திறந்து, கூட்டி, வாசலுக்குச் சாணம் போட்டு மெழுகி முடித்த பிறகுதான் எங்கள் மூளை வேலை செய்தது. வாசலில் சிக்னல் இல்லை. கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் போனால் நன்றாகக் கிடைக்கும் என்றார்கள். மடுவம் மேலே ரோட்டில் இருக்கிறது. அவள் அம்மா கேட்டது வாசலை, மடுவத்தை அல்லவே.

வழி கண்டுபிடித்தது டீச்சர். எங்கள் மூவரில் என் போனுக்கு மட்டும்தான் கூரை உயரத்துக்குத் தூக்கினால் சிக்னல் வந்தது. துணி காயப்போடும் கயிற்றுக்கு முட்டுக் கொடுத்திருந்த மூங்கிலை உருவி, என் போனைப் பொலித்தீன் பையில் போட்டு அதன் நுனியில் கட்டி, கூரையோரமாக நிறுத்தினோம். அதிலிருந்து ஹொட்ஸ்பொட் போட்டால் கீழே மருந்துக்கடைக்காரியின் போனில் வீடியோ கோல் ஓடும். ஓடியது. லயத்துப் பிள்ளைகள் வந்து வேடிக்கை பார்த்தார்கள். என்ன கொடி ஏத்துறீங்க என்று ஒரு பெரியவர் கேட்டுவிட்டுப் போனார்.

என் போன் பழசு. யாராவது அதற்குக் கோல் எடுத்தால் டேட்டா நின்றுவிடும். அது எனக்குத் தெரியும். அதனால் அன்று மாலையே மடுவத்தடிக்கு ஏறிப்போய் எங்கள் அம்மாவுக்குக் கோல் எடுத்து, "காலையில கூப்பிடாதீங்க, நானே எடுக்கிறேன்" என்று படித்துப் படித்துச் சொன்னேன். அம்மா "ம், சரி சரி" என்றார். அம்மாவின் "சரி சரி"யைப் பற்றி எனக்குத் தெரியாதா? தெரிந்தும் நம்பினேன்.

விடியும்போது நல்ல பனிமூட்டம். கவ்வாத்து வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சிகள்தான் விறகு. எல்லாம் நமத்துப் போயிருந்தன. மற்ற வாசல்களில் ஒவ்வொன்றாகப் பால் பொங்கியது, தட்டு தட்டினார்கள், கத்தினார்கள். எங்கள் வாசலில் புகை மட்டும் வந்தது. ஊதி ஊதி டீச்சருக்குக் கண் சிவந்துவிட்டது. "பத்துதில்லையே கா" என்று என்னைப் பார்த்தாள், விறகை நனைத்தது நான்தான் என்பதுபோல. பக்கத்துக் காம்பரா அக்கா இதையெல்லாம் பார்த்துப் பொறுக்க முடியாமல் தன் அடுப்பிலிருந்து எரிகிற கொள்ளிகளை எடுத்து வந்து வைத்துவிட்டுப் போனார்.

பால் சூடேறும் நேரத்தில் குவைத் அம்மா போனில் வந்துவிட்டார். அங்கே இன்னும் இருட்டு. படுக்கையில் எழுந்து உட்கார்ந்து போர்வையைத் தலையோடு மூடியிருந்தார். போன் வெளிச்சத்தில் மூக்கும் கண்ணும் மட்டும் தெரிந்தன. மகள் போனைத் திருப்பித் திருப்பிக் கோலத்தைக் காட்டினாள், கரும்பைக் காட்டினாள், கதவைக் காட்டினாள். கதவைப் பார்த்ததும் அம்மா, "கதவுக்குப் பெயின்ட் அடிக்கலயா?" என்று கேட்டார்.

பானையின் ஓரத்தில் நுரை கட்டியது. எல்லாரும் நெருங்கி நின்றோம். அப்போது கூரையில் என் போன் அடித்தது.

படம் நின்றுவிட்டது. அம்மா பாதிக் கண் மூடியபடி உறைந்து போனார். மகள், "அம்மா, அம்மா" என்று அந்த அசையாத முகத்தைக் கூப்பிட்டாள். நான் கூரையைப் பார்த்து, "வைங்கம்மா! ஐயோ, வைங்களேன்!" என்று கத்தினேன். வவுனியாவுக்கு அது கேட்குமா? எங்கள் அம்மா அடித்து ஓயும்வரை வைக்கிற ஆள் இல்லை. ஓய்ந்தால் திரும்பவும் எடுப்பார். எடுத்தார்.

எங்கள் வீட்டு வாசலிலும் அந்த நேரம்தான் பால் பொங்கியதாம். அந்தச் சத்தத்தை எனக்குக் கேட்கவைக்கத்தான் எடுத்தாராம். அது எனக்குத் தெரிந்தது மத்தியானம்தான். அந்த நிமிஷத்தில் எனக்கு இருந்தது கோபம் மட்டும்தான்.

பால் ஏறிக்கொண்டே வந்தது. மகள் போனையும் பானையையும் மாறி மாறிப் பார்த்தாள். அழக்கூட அவளுக்கு நேரமில்லை. நான் குனிந்து அடுப்பிலிருந்த விறகை வெளியே இழுத்துப் போட்டேன்.

பக்கத்துக் காம்பரா அக்கா நெஞ்சில் கை வைத்துவிட்டார். "ஐயையோ, என்ன பிள்ள செய்ற! பொங்குற பால யாராச்சும் அடக்குவாங்களா? குடும்பம் வெளங்குமா?"

எனக்கும் அது தெரியும். பொங்கல் பால் எந்தப் பக்கம் வழிகிறது என்று பார்த்து வருஷத்துக்கே பலன் சொல்கிற வீட்டில் வளர்ந்தவள் நான். "கொஞ்சம் பொறுங்கக்கா, ஒரு ஆள் வரணும்" என்றேன்.

"யாரு வரணும்?"

"இந்த வீட்டுக்காரம்மா."

அக்கா மகளின் கையிலிருந்த போனைப் பார்த்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு என் பக்கத்தில் குந்தி, ஏறி வந்த நுரையை வாயால் ஊதி ஊதி இறக்க ஆரம்பித்தார். நான் மிச்சம் இருந்த தணலையும் குச்சியால் தள்ளிவிட்டேன். பொங்கல் அன்று பாலைப் பொங்கவிடாமல் இரண்டு பெண்கள் குந்தியிருந்து பாடுபட்ட வாசல் அந்தத் தோட்டத்தில் வேறு இருந்திருக்காது. லயமே கூடிவிட்டது. சிலர் தட்டும் கரண்டியுமாக வந்து, எதற்குத் தட்டுவது என்று தெரியாமல் நின்றார்கள்.

டீச்சர்தான் ஓடிப்போய் மூங்கிலைச் சாய்த்தாள். போன் கீழே வந்ததும் சிக்னல் போய், எங்கள் அம்மாவும் போய்விட்டார். கம்பை மறுபடி நிமிர்த்தினாள். நாங்கள் அந்தச் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது சுற்றியது, சுற்றியது. பிறகு இருட்டில் மூக்கும் கண்ணும் வந்தன.

"பொங்கிருச்சா?" என்றார் அம்மா.

"இல்லம்மா. உங்களுக்காகத்தான் நிக்குது."

கொள்ளிகளை உள்ளே தள்ளினேன். அக்கா இப்போது அடுப்பை ஊதினார். பால் முதலில் கோபித்துக்கொண்டதுபோல அசையாமல் இருந்தது. பிறகு ஒரே மூச்சில் ஏறி, விளிம்பைத் தாண்டி, கிழக்குப் பக்கமாக வழிந்து தணலில் விழுந்தது. லயமே கத்துவதற்கு வாயைத் திறந்தது.

மகள் சட்டென்று கையை உயர்த்தி எல்லாரையும் நிறுத்தினாள். போனில் அம்மா ஒரு கையால் வாயைப் பொத்தியிருந்தார். மேடத்தின் அறை பக்கத்தில்தான். அந்த விரல்களுக்கு நடுவிலிருந்து, காற்று மாதிரி ஒரு குரல் வந்தது.

"பொங்கலோ பொங்கல்."

தட்டைத் தூக்கியவர்கள் தூக்கியபடியே நின்றார்கள். பிள்ளைகள்கூட மூச்சு விடவில்லை. பால் தணலில் விழுந்து சீறுகிற சத்தம் மட்டும் இருந்தது. நாங்களும் அம்மாவோடு சேர்ந்து, அதே அளவுக்கு, உதட்டால் மட்டும் சொன்னோம். அம்மா மூன்று தரம் சொன்னார், நாங்களும் மூன்று தரம் சொன்னோம். பக்கத்துக் காம்பரா அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, புகை என்றார்.

அம்மா வாயிலிருந்து கையை எடுத்தார். கேமராவுக்குக் கிட்டே வந்தார்.

"கேட்டுச்சா?" என்றார்.

"லயம் பூரா கேட்டுச்சும்மா" என்றாள் மகள்.