ஜும்ஆ நேரத்து வகுப்பு

மைமூனா ராத்தா எனக்குப் பக்கத்து வளவு. மூதூரில அவவைப் போல பிடிவாதக்காரி ஒருத்தியை நான் காணயில்லை. நாற்பது வயசு தாண்டி எழுதப் படிக்க வெளிக்கிட்ட மனுசி. அஞ்சில வளையாதது அம்பதில வளையுமோ எண்டு நானும் நக்கலடிச்சனான். என்ர வாய்க்கு அடிக்கோணும்.

அவவைக் கட்டின மாப்பிள்ளை கலீலுர் றஹ்மானுக்குத் திருகோணமலைத் துறைமுகத்தில வேலை. அம்பத்தேழில வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தைக் கையளிச்சிட்டுப் போக, வேலையும் போச்சு. மனுசன் சரக்குக் கப்பலில ஏறிட்டார். பிள்ளையுமில்லை. ரெண்டு மூணு மாசத்துக்கொருக்கா கடிதம் வரும். எழுத்துத் தெரியாத ராத்தா அதைத் தூக்கிக்கொண்டு புடவைக்கடை பாயிஸ் காக்காட்டப் போவா. "நான் நல்ல சுகம். உன்ர சுகத்துக்கு துஆ செய்யிறன். எல்லாருக்கும் சலாம்." அவர் வாசிக்கிறது அவ்வளவுதான். மறுமொழியும் அவர்தான் எழுதுவார், நாங்களும் சுகம் எண்டு. வேற என்னத்தை எழுதச் சொல்லிறது, அந்நிய ஆம்பிளைக்கு முன்னால?

"மூணு பக்கக் கடிதம், ஸுல்பிகா. அவர் மூணு மூச்சில முடிச்சிடுறார்" எண்டு என்னட்டச் சொல்லி அழுவா.

அம்பத்தெட்டில பள்ளிக்கூடத்தில அரசாங்கச் செலவில வளர்ந்தோர் வகுப்புத் துவங்கினாங்க. ராத்தா போய்ப் பேர் பதியக் கேட்டா. அதுக்கும் காரியதரிசி பாயிஸ் காக்காதான். "ஆம்பிளையளோட ஒரே வாங்குப் பலகையில இருக்க ஏலாது, தங்கச்சி. வாசிச்சுத் தர நான் இருக்கிறன்தானே" எண்டு அனுப்பிட்டார். கெட்ட மனுசனில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

ராத்தா வருசா வருசம் போய்க் கேட்டா. கடிதங்களும் குறைஞ்சு குறைஞ்சு, அறுபத்துநாலோட நிண்டு போச்சு. என்னை மறந்திட்டார் எண்டு சோறு தண்ணியில்லாமக் கிடந்தா.

அறுபத்தாறில யோகலிங்கம் எண்டொரு புதுக் கல்வி அதிகாரி லாஞ்சிப் படகில வந்து இறங்கினார். வகுப்புப் பேர் இடாப்பை விரிச்சுப் பார்த்திட்டு, "ஒரு பொம்பிளைப் பேரும் இல்லையே, ஏன்?" எண்டார்.

"அவங்க வரமாட்டாங்க, சேர்" எண்டார் காக்கா.

"கேட்டனீங்களோ?"

வாசலில நிண்ட ராத்தா சொன்னா: "நான் எட்டு வருசமாக் கேக்கிறன், ஐயா."

பொம்பிளைகளுக்கும் இடம் குடுக்காட்டி வகுப்புக்கு ஒப்பம் வைக்க மாட்டன் எண்டிட்டார் அதிகாரி. இருக்கிறது ஒரே அறை, பின்னேரம் முழுக்க ஆம்பிளையள். வழி சொன்னதும் ராத்தாதான். "வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் தாங்க, ஐயா. அண்டைக்குப் பள்ளிக்கூடம் லீவு. வேண்டாமெண்டு சொல்லுற ஆக்கள் எல்லாரும் பள்ளிவாசலில இருப்பாங்க." யோகலிங்கம் வாய்விட்டுச் சிரிச்சார். படிப்பிக்கத் தங்கரத்தினம் ரீச்சர் வந்தா. நாங்க ஒன்பது பேர். ஓம், நானும் போனனான்.

ஒரு வருசத்தால ராத்தா என்னைக் கூப்பிட்டுப் பழைய கடிதங்களை எடுத்தா. விரலை வச்சு எழுத்தெழுத்தாக் கூட்டி வாசிச்சா. "மைமூன், எனக்கு மனசு உன்னைத் தேடுது. கரையைக் கண்டாலும் தேடுது. உனக்கும் தேடுதா? ஒரு சொல்லு எழுதிவிடு, கப்பலை விட்டிட்டு வந்திடுறன்." எல்லாக் கடிதத்திலயும் அதே கேள்வி. கடைசிக் கடிதத்தில, இனிக் கேக்க மாட்டன் எண்டு இருந்தது.

அதைக் கொண்டுபோய்க் காட்டக் காக்கா தலையைக் குனிஞ்சிட்டார். "மாப்பிள்ளை பொண்டாட்டிக்கு எழுதினதை என்ர வாயால எப்பிடிச் சொல்லிறது, தங்கச்சி? எனக்கு வெக்கமாக் கிடந்தது."

ராத்தா தன்ர கையாலயே எழுதினா. "எனக்கும் தேடுது. வாங்க." கப்பல் கொம்பனி விலாசத்துக்குப் போட்டா. தபால்காரன் வாற நேரமெல்லாம் படலையடியில நிண்டா.

நாலு மாசத்தால அந்தக் கடிதம் உடைக்காமலே திரும்பி வந்தது, கூட கொம்பனிக்காரர் எழுதின ஒரு இங்கிலீசுத் துண்டும். பாயிஸ் காக்கா வாசிச்சார். ஆள் கப்பலை விட்டு ரெண்டு வருசமாம், எங்க போனாரெண்டு தெரியாதாம்.

ராத்தா அழயில்லை. துண்டை அவரிட்ட இருந்து வாங்கி மடிச்சா.

"அண்டைக்கு என்னை அந்த வாங்கில இருக்க விட்டிருந்தா, காக்கா, அவர் இப்ப என்ர வீட்டில இருப்பார்."