பினாங்கு பூட்ஸ்

எங்கள் வீட்டில் யாருக்குச் செருப்பு வாங்கினாலும் ஒரு சைஸ் பெரிதாகத்தான் வாங்குவார்கள். வளர்கிற காலாம். பினாங்கிலிருந்த சாச்சா, அதாவது என் தகப்பனார் அத்தாவின் தம்பி, எனக்கு ஃபுட்பால் பூட்ஸ் வாங்கி அனுப்பியபோதும் அந்த வழக்கத்தை மீறவில்லை. எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. கால் வளர்வதை நிறுத்திப் பல வருஷம் ஆகியிருந்தது.

அறுபதுகளின் நடுவில் கடலூர் ஓ.டி.யில், அதாவது ஓல்டு டவுனில், பூட்ஸ் போட்டுப் பந்து ஆடிய ஆளை நான் பார்த்ததில்லை. உப்பனாற்றங்கரை மணலில் வெறுங்காலோடுதான் எங்கள் டீம் ஆடும். இடது ஓரத்தில் நான், லெஃப்ட் அவுட். வலது ஓரத்தில் என் அத்தை மகன். அவன் எனக்கு மச்சான், நான் அவனுக்கு மச்சான். எங்கள் இருவர் உள்ளங்காலிலும் முள் ஏறாது. ஏறினால் முள்தான் ஒடியும். கொஞ்சம் பெருமைக்காகவும்தான் இதைச் சொல்கிறேன்.

அந்த வருஷம் சிதம்பரத்தில் நடக்கவிருந்த பந்தயத்துக்குப் புதிதாக ஒரு சட்டம் போட்டார்கள். பூட்ஸ் இல்லாதவன் மைதானத்தில் இறங்கக் கூடாது. கூடவே இன்னொரு சேதியும் வந்தது. மேற்கே ஒரு பஞ்சாலையிலிருந்து ஓர் அதிகாரி ஆட்டம் பார்க்க வருகிறாராம். பிடித்த ஆட்டக்காரன் ஒருவனை மில் டீமுக்கு எடுத்து, மில்லிலேயே வேலையும் போட்டுக் கொடுப்பாராம்.

அந்த வேலை எனக்கு வேண்டும். அதைவிட வேண்டியது அந்த வயசில் எனக்கு வேறெதுவும் இல்லை. அத்தாவுக்குக் கயிற்றுக்கடை. தோணிக் கயிறு, கிணற்றுக் கயிறு, மாட்டுக் கயிறு, எல்லாம் அங்கே உண்டு. தேங்காய் நார்த் தூசியில் நான் ஆயுசுக்கும் தும்மிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது அத்தாவின் ஆசை. அதற்காக அவர் தொழுதுவிட்டு அல்லாவிடம் துஆ வேறு கேட்டுக்கொண்டிருந்தார்.

சாச்சாவுக்குக் கடிதம் போட்டேன், பூட்ஸ் வந்தது. கறுப்புத் தோல், அடியில் குமிழ் குமிழாக ஆணியடித்த தோல் கட்டைகள், கையில் எடுத்தால் படிக்கல் கனம். முதல் நாள் மணலில் போட்டுக்கொண்டு ஓங்கி உதைத்தேன். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. பூட்ஸ் மட்டும் கோலுக்குள் போய் விழுந்தது.

"கோலு கோலுதான்டா, எழுதிக்கோ," என்று கோல்கீப்பர் கத்தினான். அன்றைக்கு முழுக்க ஆற்றங்கரையில் இதே சிரிப்புதான்.

அம்மா அதை ஒரு நோயாக எடுத்துக்கொண்டு வைத்தியம் பார்த்தாள். "புதுச் செருப்புன்னா கடிக்கத்தான் செய்யும். வெளக்கெண்ணெய்ல நல்லா ஊற வச்சிப் போடு, வழிக்கு வந்துடும்," என்றாள். எங்கள் ஊரில் எந்தத் தோலுக்கும் இதுதான் மருந்து. பழைய சேலைத் துணியைக் கிழித்து விரல் பக்கம் அடைத்தும் கொடுத்தாள். எண்ணெயைக் குடித்துக் குடித்துத் தோல் இளகியது. கூடவே நடக்கிற வழியெல்லாம் வாசனையும் வந்தது. பூனைகள் ஒதுங்கிப் போயின.

ஆடுகிற நேரம் மட்டும் போட்டால் பழகாது என்று கடைக்கும் அதையே போட்டுக்கொண்டு போனேன். கயிறு வாங்க வந்தவர்கள் என் காலைப் பார்த்துவிட்டு அத்தாவின் முகத்தைப் பார்ப்பார்கள். அத்தா கூரையைப் பார்ப்பார். தோணி இழுத்தாலும் அவிழாத முடிச்செல்லாம் போடத் தெரிந்த எனக்குப் பூட்ஸ் கயிற்றுக்கும் அந்த முடிச்சுதான் கைக்கு வந்தது. விளைவு, பள்ளிவாசல் படியில் உட்கார்ந்து நான் அதை அவிழ்த்து முடிப்பதற்குள் உள்ளே ஜமாஅத் தொழுகை பாதி முடிந்திருக்கும்.

ஆனால் பழகிவிட்டது. ரெண்டு மாசத்தில் பூட்ஸின் நுனி எங்கே முடிகிறது என்பது என் காலுக்குத் தெரிந்துபோனது. வெறுங்காலில் பக்கவாட்டால் தட்டிய பந்தை இப்போது நுனியால் குத்தி உதைத்தேன். பந்து ஆற்றைத் தாண்டிவிடுமோ என்று பயப்படுகிற வேகம். சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். எனக்குத் தலைக்கனம் ஏறியது.

மச்சானோ பூட்ஸைப் பற்றிக் கவலையே படவில்லை. "பாண்டிச்சேரில ஒருத்தன்கிட்ட சொல்லி வச்சிருக்கேன் மச்சான். அன்னிக்கு நேரா சிதம்பரத்துக்கே எடுத்தாந்துடுவான். போட்டுக்கிட்டு எறங்க வேண்டியதுதான," என்று சொல்லிவிட்டு வெறுங்காலில் ஆடிக்கொண்டிருந்தான். அவனுக்காக நான் பரிதாபப்பட்டேன்.

பந்தயத்தன்று ரயிலில் போய் இறங்கினோம். பாண்டிச்சேரிக்காரன் வரவில்லை. அது நான் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, சிதம்பரத்து டீமிலும் பாதிப் பேருக்குப் பூட்ஸ் இல்லை. சட்டம் போட்டவர்கள் உள்ளூர்ப் பையன்களை வெளியே நிறுத்த முடியுமா? மைதானத்து ஓரம் பூவரச மரத்தடியில் கூடிப் பேசினார்கள். பூட்ஸ் காலும் வெறுங்காலும் சேர்ந்து ஆடினால் விரல் நசுங்கும். ஆகவே இன்றைக்கு ரெண்டு பக்கமும் வெறுங்கால்தான் என்று தீர்ப்புச் சொன்னார்கள். இரண்டு டீமும் கைதட்டியது. மச்சான் விசிலே அடித்தான்.

நான் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தேன். உள்ளே இருந்து வெளியே வந்தது என் கால் இல்லை. ரெண்டு மாசம் விளக்கெண்ணெயில் ஊறி, தடித்த தோலெல்லாம் உரிந்து, வெளுத்து, பச்சைப்பிள்ளைக் கால் மாதிரி இருந்தது. "மாப்ளைக்கு மருதாணி வைக்கலாம்போல இருக்கே," என்றான் கோல்கீப்பர்.

வெயிலில் காய்ந்து வெடித்த களிமண் தரை. நடுநடுவே சரளைக் கல், ஓரமெல்லாம் நெருஞ்சி. ஓரம்தானே என்னுடைய இடம். அடுப்புக் கங்கில் நடக்கிறவன் மாதிரி நான் ஓடிய ஓட்டத்தைப் பார்த்துச் சிதம்பரமே சிரித்தது. ஒரே ஒரு தடவை பந்து வாகாக வந்தது. பழகிய பழக்கத்தில் நுனியால் குத்தி உதைத்தேன். பெருவிரல் நகம் பெயர்ந்தது. உள்ளதும் போச்சுடா நொள்ளக்கண்ணா என்பார்களே, அதை ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டே தெரிந்துகொண்டேன்.

அதற்கப்புறம் ஓரத்தில் உட்கார்ந்துதான் பார்த்தேன். மச்சான் பறந்தான். அவன் போட்ட கோலுக்கு மில் அதிகாரி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். ஆட்டம் முடிந்ததும் அவன் தோளில் கைபோட்டுக்கொண்டு ஏதோ பேசினார். எனக்கு வயிறு எரிந்தது. சொந்த அத்தை மகன், கூடவே வளர்ந்தவன், இருந்தாலும் எரிந்தது.

அடுத்த வாரம் மச்சான் கடைக்கு வந்தான். நான் விரலில் கட்டோடு உட்கார்ந்து கிணற்றுக் கயிறு அளந்துகொண்டிருந்தேன். அவன் முகத்தில் வேலை கிடைத்த சந்தோஷமும் என்னைப் பார்த்த கூச்சமும் மாறி மாறி வந்தன.

"நாளைக்குப் போறேன் மச்சான். அங்க பூட்ஸ் இல்லாம கிரவுண்டுலயே விடமாட்டாங்களாம். ஒன்னோடது சும்மாத்தான கெடக்குது..."

பூட்ஸ் கயிற்றுச் சுருளுக்குப் பின்னால் கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன். காலை விட்டுப் பார்த்தான், நுழையவில்லை. உள்ளே கைவிட்டு அம்மா அடைத்த சேலைத் துணியை உருவி எறிந்தான். மறுபடி விட்டான், வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. என்னைவிட ஒரு சைஸ் பெரிய கால் அவனுக்கு. எழுந்து கடைக்குள் இப்படியும் அப்படியும் நடந்தான், குதித்துப் பார்த்தான், குனிந்து தோலை அழுத்திப் பார்த்தான்.

"கொஞ்சங்கூடக் கடிக்கல மச்சான். பினாங்கு சரக்குன்னா சரக்குதான். வாங்கும்போதே இப்படி மெத்துமெத்துன்னுதான் இருந்துச்சா?"

"ஆமா மச்சான்," என்றேன்.