வேம்புக்கு நான் போட்ட நம்பர்

திருத்தங்கல் தாண்டி எங்கள் ஊர் வரைக்கும் அப்போது சாலையின் இரண்டு பக்கமும் புளியமரங்கள் நின்றன. பள்ளி விட்டு வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வேன். இமைக்கு மேல் வெயிலும் நிழலும் மாறி மாறி ஓடும். பச்சைத் தண்ணீருக்கு அடியில் பஸ் நீந்திப் போவதாக நினைத்துக்கொள்வேன். பல நாள் இறங்கும் இடம் தெரியாமல் அடுத்த ஊர் வரைக்கும் போயிருக்கிறேன்.

ஒருநாள் நெடுஞ்சாலைத் துறை ஆட்கள் பெயின்ட் டப்பாவோடு வந்தார்கள். ஒவ்வொரு புளியிலும் கையகலம் பட்டையைச் சீவி நம்பர் எழுதினார்கள். எனக்குப் பெரிய சந்தோஷம். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிப் பதிவேட்டில் நம்பர் வாங்கியவள் நான். ஒருநாள் போகாவிட்டாலும் டீச்சர் ஆள் அனுப்பி விசாரிப்பார். நம்பர் உள்ளவர்களைக் காணோம் என்றால் கேட்க ஆள் உண்டு என்பது என் அனுபவம். புளியமரங்களை இனிச் சர்க்கார் பார்த்துக்கொள்ளும்.

கவலையெல்லாம் எங்கள் வாசலில், சாலையை ஒட்டி நின்ற வேம்பைப் பற்றித்தான். அச்சகத்தில் லோடு ஏற்றும் வேலை பார்த்த அப்பா, அதை வெட்டிவிட்டு அங்கே ஓர் அறை கட்டத் தீர்மானித்திருந்தார். நான் படிப்பதற்கான அறை. பொங்கலுக்கு வெள்ளையடித்த சுண்ணாம்பு மிச்சமிருந்தது. கடைசிப் புளிக்கு அடுத்த நம்பரை வேம்பில் எழுதிவிட்டேன்.

பட்டாசுக் கம்பெனியிலிருந்து திரும்பிய அம்மா அதைப் பார்த்தாள்.

“என்னடி, மரத்துல கிறுக்கி வச்சிருக்க?”

“கவருமெண்டு நம்பர்மா. அப்பா இனித் தொட முடியாது.”

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். “கேட்டியா, நம்ம வீட்டுலயே ஒரு கலெக்டரு இருக்காக!”

பள்ளி இல்லாத ஒரு காலையில் ரம்பச் சத்தம் கேட்டது. சாலையை அகலப்படுத்தப் போகிறார்களாம். நம்பர் போட்டதே வெட்டுவதற்குத்தானாம். யாரோ தவறு செய்கிறார்கள், சர்க்காருக்குத் தெரிந்தால் விடாது என்றே நினைத்தேன். புளிகளை முடித்துவிட்டு ரம்பக்காரர்கள் எங்கள் வாசலுக்கு வந்தார்கள்.

“இதுலயும் நம்பர் இருக்குண்ணே.”

சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா எச்சில் கையோடு ஓடி, வேம்பில் முதுகைச் சாய்த்து நின்றார். “அது எம் மக எழுதுனதுய்யா. இது எங்க மரம்.”

“நீங்களே வெட்டப் போறதாப் பக்கத்து வீட்டுல சொன்னாக?”

“வெட்டுவேன், வெட்டாமலும் இருப்பேன். அதக் கேக்க நீங்க யாரு?”

அவர்கள் சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். அப்பா மட்டும் வெகுநேரம் அங்கேயே நின்றார். சாயங்காலம், அறைக்காக அடித்திருந்த முளைகளைப் பிடுங்கி வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோய் அடித்தார்.

மழைக்காலம் வந்ததும் பள்ளிக்கு ஓர் அதிகாரி வந்து ஆளுக்கொரு புங்கங்கன்று கொடுத்தார். மரங்களைக் காப்பது எங்கள் கையில்தான் இருக்கிறது என்றார். அத்தனை பெரியவர் என்னை நம்பி ஒரு காரியத்தை ஒப்படைத்ததில் உடம்பெல்லாம் புல்லரித்தது. கன்றைச் சாலையோரம் நட்டுத் தண்ணீர் ஊற்றினேன். அன்றைக்கு மழை இல்லை. மொட்டை வெயிலில் அது வாடிவிடாதபடி என் நிழல் அதன்மேல் விழுமாறு நின்றுகொண்டேன்.

“அம்புட்டையும் வெட்டுனது அவுக. தண்ணி சுமக்குறது எம் மகளா?” என்றார் அப்பா. குரலில் சிரிப்பே இல்லை.

அவருக்கு யாரும் கன்று கொடுக்கவில்லை. அந்தப் பொறாமை என்றுதான் அப்போது நினைத்தேன்.