பட்டியலில் இல்லாத ஆட்டம்

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணி ஆனால் எங்கள் வீட்டுக் கூடத்தில் மூன்று பேர் சண்டை போடுவார்கள். அப்பா, பெரியப்பா, அத்தையைக் கட்டிய மாமா. நிலத் தகராறோ குடும்பத் தகராறோ கிடையாது. இந்த உலகத்தில் இதுவரை ஆடப்பட்ட ஆட்டங்களிலேயே மிகப் பெரிய சாதனை எது என்பதுதான் சண்டை. மூவரில் ஒருவரும் பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு பத்தடி சேர்ந்தாற்போல ஓடியவர் இல்லை.

அப்பா மைசூரில் ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க். அவருக்குக் கிரிக்கெட். கூட இருந்தவர்கள் எல்லாரும் அவுட்டாகிப் போன பின், விரல் ஒடிந்த கையோடு பொழுது சாயும் வரை ஒற்றை ஆளாக நின்று தோல்வியைத் தடுத்த ஒரு மட்டையாளரை அவர் குலதெய்வம் மாதிரிச் சொல்வார். பெரியப்பாவுக்கு மண்டி மொஹல்லாவில் தேங்காய்க் கடை. அவருக்குக் குஸ்திதான் எல்லாம். எதிராளியின் மூச்சு முகத்தில் படாத விளையாட்டெல்லாம் அவர் கணக்கில் உடற்பயிற்சி. மாமா பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். ஆகவே அவர் கடிகாரத்தைத் தவிர யாரையும் நம்பமாட்டார். நூறு மீட்டரைப் பத்து வினாடிக்குள் ஓடுகிறவன்தான் மனிதன், மற்றவரெல்லாம் வேடிக்கை பார்க்கப் பிறந்தவர்கள் என்பது அவர் கட்சி.

இந்தச் சண்டைக்கு ஒரு பட்டியலும் உண்டு. பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி, ஃப்ரிட்ஜின் மேல் ஒட்டியிருந்தது. எழுதுகிற வேலை எனக்கு. அப்போது எனக்கு ஒன்பது வயது. எங்கள் வீட்டிலேயே அழகான கையெழுத்து என்னுடையது. தமிழ் எழுதத் தெரியாது, அதனால் அவர்கள் தமிழில் கத்துவதைக் கன்னட எழுத்தில் எழுதுவேன். இரண்டிலிருந்து பத்து வரை நிரம்பியிருந்தது. முதலிடம் மட்டும் காலி. அதை விட்டுக்கொடுக்க மூவரில் ஒருவருக்கும் மனம் வரவில்லை.

என் அக்கா பத்தாம் வகுப்பு படித்தாள். பள்ளியின் கோ-கோ அணியில் ஆடினாள். ஒரு ஞாயிறு தேநீர் கொண்டுவந்து வைத்தவள், "இந்த லிஸ்ட்ல கோ-கோ வராதாப்பா?" என்று கேட்டாள்.

அப்பா சிரித்துவிட்டார். "அது ஸ்கூல் புள்ளைங்க ஆட்டஞ் சாமி. டிவியில வருதா அது?"

அவர் கேலியாகச் சொல்லவில்லை. டிவியில் வராத ஒன்றைப் பற்றி அவருக்கு உண்மையிலேயே கருத்து எதுவும் கிடையாது.

மாதத் தேர்வு மதிப்பெண் வந்த அன்று அந்த ஆட்டத்தைப் பற்றி அவருக்கு ஒரு கருத்து ஏற்பட்டது. கணக்கில் அக்கா மிகவும் இறங்கியிருந்தாள். அப்பா கத்தவில்லை. அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "எஸ்.எஸ்.எல்.சி. வருசம். இனி ஆட்டம் வேண்டாம்" என்றார்.

அம்மா சமையலறையில் பாத்திரம் துலக்குவதை நிறுத்தினாள். அக்காவின் முட்டிக்கு ராத்திரியில் மருந்து போட்டுவிடுகிறவள் அவள்தான்.

அக்கா அட்டையை வாங்கிப் பைக்குள் வைத்தாள். பிறகு, "சரிப்பா. சனிக்கெழம டிஸ்ட்ரிக்ட் ஃபைனல். அதோட நிறுத்திக்கறேன். ஆனா அதுக்கு நீங்க, பெரியப்பா, மாமா மூணு பேரும் வந்து பாக்கோணும்" என்றாள்.

"அவ்வளவுதானே? வந்தாப் போச்சு" என்றார் அப்பா. எனக்கும் அது நல்ல ஏற்பாடாகத்தான் பட்டது. சனிக்கிழமை வெளியே போகலாம், கடலை வாங்கித் தருவார்கள்.

ஊரின் மறுகோடியில் ஒரு பள்ளி மைதானத்தில் ஆட்டம். மூவரும் மர நிழலில் கல் பலகையில் உட்கார்ந்து, கடலைப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, வழக்கமான தங்கள் சண்டையைத் தொடங்கினார்கள். மைதானத்தை யாரும் பார்க்கவில்லை. நான்தான் விளக்கம் சொன்னேன். துரத்துகிற அணியில் எட்டுப் பேர் இரண்டு கம்பங்களுக்கு நடுவே வரிசையாகக் குந்தியிருப்பார்கள், ஒன்பதாவது ஆள் துரத்துவாள். எதிரணியில் மூன்று மூன்று பேராக இறங்கி அவள் கையில் படாமல் தப்ப வேண்டும். துரத்துகிறவள் வந்த வழியே திரும்பக் கூடாது, வரிசைக்குள்ளும் புகக் கூடாது. ஆனால் உட்கார்ந்திருக்கும் யார் முதுகிலாவது தட்டி 'கோ' என்றால் அவள் பாய்ந்து எழுந்து துரத்துவாள். தப்பிக்கிறவள் எங்கும் புகுந்து ஓடலாம். ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து யார் எழுவார்கள் என்று அவளுக்குத் தெரியாது.

"அப்போ ஒருத்தியத் தொரத்தறதுக்கு ஒம்பது பேரா?" என்றார் பெரியப்பா, கடலையை உரித்துக்கொண்டே.

கடைசிச் சுற்றில் எங்கள் பெண்கள் தப்பித்தாக வேண்டிய முறை. அக்காவோடு இறங்கிய இருவரும் அடுத்தடுத்து அவுட்டாகிவிட்டார்கள். எதிரணி ஜெயிக்க இன்னும் இரண்டு பேரை அவுட்டாக்கினால் போதும். உள்ளே அக்கா மட்டும். அவள் போனால் அடுத்து இறங்க வேண்டிய மூன்று பேரும் எட்டாம் வகுப்புச் சிறுமிகள். கோட்டுக்கு வெளியே ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு இப்போதே அழுதுகொண்டிருந்தார்கள்.

மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் அஞ்சு நிமிசம் இருக்குது" என்றார். அவர் குரலில் நம்பிக்கை இல்லை.

அக்கா ஓடுவாள் என்று நினைத்தேன். அவள் ஓடவில்லை, நின்றாள். துரத்துகிறவளின் விரல் நுனி தோளுக்கு அருகில் வரும் வரை நின்று, கடைசி நொடியில் இடுப்பை மட்டும் வளைத்தாள். கை காற்றைப் பிடித்தது. 'கோ' என்ற சத்தம் எழுவதற்குள் வரிசையின் மறுபக்கம் போயிருந்தாள். அங்கே ஒருத்தி எழுந்தாள். அக்கா இந்தப் பக்கம் வந்தாள். எதிரணியின் பள்ளிப் பிள்ளைகள் நாலாபுறமும் நின்று "ஹிடி! ஹிடி!" என்று கத்தினார்கள். பிடி, பிடி.

பெரியப்பாவின் தாடை அசைவது நின்றுவிட்டது. "கண்ணப் பாத்துட்டு நிக்கறாடா அவ. காலப் பாக்கல, கையப் பாக்கல. எதிராளி கண்ண!" என்றார். அந்த வார்த்தைகளை அதுவரை அவர் தசராக் குஸ்தியில் பார்த்த ஒரே ஒரு பயில்வானுக்குத்தான் சொல்லியிருந்தார்.

"மூணு நிமிசம் ஆச்சு" என்றார் மாமா. "இன்னும் ரெண்டுதான் இருக்குது!"

கம்பத்தருகே ஒருத்தி துரத்தி வர, 'கோ' வாங்கி எழுந்த இன்னொருத்தி அவளை மடக்கினாள். அக்கா குப்புற விழுந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவள் எழுந்திருந்தாள். முட்டியிலிருந்து வெறும் பாதம் வரை ரத்தக் கோடு. அவளைத் தொடப் பாய்ந்தவள் மண்ணில் கிடந்தாள்.

பக்கத்தில் அப்பாவைக் காணவில்லை. தேடினால், மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். அரை மணி நேரத்துக்கு முன் ஆட்டத்தின் விதி தெரியாத மனிதர், "பூந்துரு சாமி! நடுவுல பூந்துரு! பின்னால எந்திரிக்கறா பாரு!" என்று தொண்டை கிழியக் கத்தினார். கயிறு அவரோடு சேர்ந்து ஆடியது. அப்பா அப்படிக் கத்தி நான் பார்த்ததே இல்லை. எந்த மட்டையாளருக்காகவும் அவர் சோபாவை விட்டு எழுந்ததில்லை.

விசில் அடித்தது. அக்கா அவுட்டாகவில்லை. ஒரு பாயிண்ட் வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டோம்.

ஆனால் அக்கா நிற்கவில்லை. துரத்துகிறவர்கள் எல்லாம் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்க, அவள் மட்டும் இந்தக் கம்பத்திலிருந்து அந்தக் கம்பத்துக்கு வளைந்து வளைந்து ஓடினாள். கூட்டம் சிரித்தது. விசில் காதில் விழவில்லை போல என்று நானும் சிரித்தேன். பி.டி. மிஸ் ஓடிப்போய் அவளைக் கட்டிப்பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

திரும்பும் வழியில் பெரியப்பாவே பேச்சை எடுத்தார். "நான் ஒத்துக்கறேன். மொத எடம் நம்ம புள்ளைக்கு."

"டைம் நான் பாத்தேனே. எனக்கும் சம்மதம்" என்றார் மாமா.

அவர்கள் இருவரும் ஒத்துப்போய் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நாளைக்குச் சிவப்புப் பேனாவில் அக்கா பெயரை எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன். தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்தி, இவள் என் அக்கா என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. அப்பா எங்களுக்கு முன்னால் வேகமாக நடந்துகொண்டிருந்தார்.

அக்கா நொண்டிக்கொண்டே அவர் பக்கத்தில் வந்தாள். "ஜெர்சிய திங்கக்கெழம மிஸ் கிட்ட குடுத்தர்றேன்ப்பா" என்றாள்.

அப்பா குனிந்து அவள் பாதத்தைப் பார்த்தார். பெரியப்பாவையும் மாமாவையும் பஸ் ஏற்றிவிட்டு, எங்களைக் கூட்டிக்கொண்டு கடைத்தெருவில் நடந்தார். ஒரு செருப்புக் கடைக்குள் நுழைந்து அக்காவை உட்கார வைத்து, "இவளிகே ஓடோக்கே ஒந்து ஷூ தோர்ஸி" என்றார் கடைக்காரரிடம். இவளுக்கு ஓடுவதற்கு ஒரு ஷூ காட்டுங்கள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆட்டந்தான் நின்னு போச்சே, இவளுக்கு எதுக்கு ஷூ? எனக்கு வாங்கிக் குடுங்க!"

"நீ சித்தெ சும்மா இரு" என்றார் அப்பா. கடைக்காரர் குனிவதற்கு முன் அவரே தரையில் உட்கார்ந்தார். கைக்குட்டையால் அக்காவின் பாதத்தில் இருந்த மண்ணையும் காய்ந்த ரத்தத்தையும் துடைத்தார். ஷூவை மாட்டி, முனையில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தார்.

"கொஞ்சம் பெருசாவே இருக்கட்டும். அடுத்த வருசத்துக்கும் ஆவோணும்" என்றார், நிமிராமல்.

அக்கா அடுத்த வருடமும் ஆடினாள், அதற்கடுத்த வருடமும் ஆடினாள். மாநில அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு ரயிலேறினாள். கணக்கிலும் ஒரு வழியாகக் கரையேறினாள். தன் கட்சியை எந்த வாக்குவாதத்திலும் விட்டுக்கொடுக்காத மனிதர் அன்று கடைத் தரையில் உட்கார்ந்து என்ன செய்துகொண்டிருந்தார் என்பது எனக்குப் புரிய இன்னும் எத்தனையோ வருடம் ஆனது. அந்த நேரத்தில் நான் கண்டதெல்லாம் அப்பா லேஸைக் கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டிக்கொண்டிருந்ததையும், ஒன்பது பேருக்கு நடுவில் அழாத என் அக்கா அந்த ஸ்டூலில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுததையும்தான்.

நான் ஓடிப்போய்க் கடைக்காரரின் சட்டையை இழுத்தேன். "அண்ணா, அவளுக்கு ஷூ கடிக்குது. வேற சைஸ் குடுங்க" என்றேன்.