மூன்றும் ஒரே வயரில்

ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் நான் அசெம்பிளி லைனில் நின்று வேலை பார்த்தவள். குழந்தை பிறந்த பிறகு நைட் ஷிஃப்ட் முடியாது என்றேன். அப்படியானால் வீட்டிலேயே இரு என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு வருடம் விண்ணப்பம் போட்டுப் போட்டு அலுத்தபின், வீட்டிலிருந்தே வாடிக்கையாளர்களிடம் பேசும் வேலை ஒன்று கைக்கு எட்டியது. ஒரே நிபந்தனை: வயரில் வரும் இணையமும் ஒரு லேண்ட்லைனும் வேண்டும். திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு அதில் பேசிக் காட்ட வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆள். இதுவும் போனால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று நிஜமாகவே பயந்தேன்.

குன்றத்தூரில் எங்கள் அபார்ட்மெண்டுக்கு இரண்டே வழி. பக்கத்துத் தெரு கேபிள்காரர் டிவியும் இணையமும் தருவார், கூப்பிட்ட குரலுக்கு வருவார். ஆனால் லேண்ட்லைன் கிடையாது, மழை பெய்தால் இணையமும் கிடையாது. இன்னொன்று பெரிய கம்பெனி. டிவி, இணையம், போன் மூன்றும் ஒரே வயரில். யாருக்கும் வேண்டாத சேனல்களையெல்லாம் சேர்த்துத் தலையில் கட்டுவார்கள், ஆறு மாதத்துக்கு விலகவும் முடியாது.

"கேபிள்காரன்கிட்டயே வாங்கிக்கலாமே. மேட்ச் எல்லாம் வருது," என்றார் கணவர்.

"உங்களுக்கு மேட்ச் பெருசா, என் பொழப்பு பெருசா?" என்று எரிந்து விழுந்தேன். பெரிய கம்பெனிக்கே விண்ணப்பம் போட்டேன்.

சனிக்கிழமை மதியம் ஆள் வந்தார். சுவரில் துளை போட்டு, வயர் இழுத்து, பெட்டியை மாட்டி, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "ஓடிபி வந்துருக்கும் சொல்லுங்கக்கா. அத்த போட்டாதான் லைன் வரும்," என்றார்.

என் போனில் ஒன்றும் வரவில்லை. விண்ணப்பத்தின் நகலை எடுத்துப் பார்த்தேன். காஸ், கரண்ட், ரேஷன், குழந்தையின் தடுப்பூசி அட்டை, எதை நிரப்பினாலும் கணவர் நம்பரையே எழுதிப் பழகிய கை இது. எனக்கென்று வாங்கும் இணைப்புக்கும் அதையே எழுதித் தொலைத்திருக்கிறேன்! ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு எல்லாம் பார்த்தவள், இதைப் பார்க்கவில்லை. அவரோ இரண்டு மணி ஷிஃப்டுக்குப் போய்விட்டார். அவர்கள் கம்பெனியில் செல்போனை கேட்டில் இருக்கும் லாக்கரில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

"எனக்கு இன்னும் ரெண்டு வூடு கீது. இப்ப உட்டா செவ்வாய்க்கெழமதான்," என்று வந்த ஆள் பையை மூடினார்.

"அண்ணா, உங்களுக்குப் புண்ணியமாப் போவும், கொஞ்சம் உட்காருங்க," என்று கெஞ்சி உட்காரவைத்து, கணவரின் கம்பெனி கேட்டுக்குப் போன் அடித்தேன்.

"எமர்ஜென்சின்னாதான் ஆள வெளிய கூப்புடுவோம். யாருக்கு இன்னா?" என்றார் செக்யூரிட்டி.

"கொழந்தைக்கு வலிப்பு," என்றேன். பாவி வாய், எப்படித்தான் வந்ததோ. என் மகள் பக்கத்துப் பாயில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

கால் மணி நேரத்தில் கணவரே தன் செல்லிலிருந்து கூப்பிட்டார். மூச்சு இரைத்தது. "பாப்பாவுக்கு இன்னாச்சு? எந்த ஆஸ்பத்திரி?"

"ஒன்னும் இல்லைங்க, நல்லா தூங்கிகினு இருக்கா," என்றேன். வந்த ஆள் புது ஓடிபி அனுப்பினார். "உங்க செல்லுக்கு இப்ப ஒரு ஓடிபி வரும்..."

"மறைக்காத! உசுரோட கீறாளா?" என்று அழுதார். "அவ கொரல கேக்கணும்."

"சத்தியமா தூங்குறா. நம்பர சொல்லுங்க, டைம் முடியப்போவுது."

"அவ கொரல் கேக்காம ஒன்னும் சொல்ல மாட்டேன்!"

வந்த ஆள் ஒரு விரலைக் காட்டினார். இன்னும் ஒரு நிமிடம். குழந்தையை உலுக்கினேன். சிணுங்கக்கூட இல்லை, புரண்டு படுத்தாள். தொடையில் நகம் பதியக் கிள்ளினேன்.

வீடே அதிர அலறினாள். செல்லை அவள் வாயருகே பிடித்தேன். "ஐயோ கண்ணு, என் கண்ணு," என்றார் கணவர். பிறகு விம்மிக்கொண்டே ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். நான் சத்தமாகத் திருப்பிச் சொன்னேன்.

"வந்துடுச்சுக்கா," என்றார் அந்த ஆள். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. எனக்கு உயிர் வந்தது. அழும் மகளைத் தூக்கக் கையை நீட்டினேன். அவள் என்னிடம் வரவில்லை. முன்பின் பார்த்தறியாத அந்த மனிதரிடம் ஓடி, அவர் காலைக் கட்டிக்கொண்டாள்.